விளக்குக்கெல்லாம் வளையம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான், உன் சோடாபுட்டி. இனிமேல் அந்தப் பெயர் செல்லாது என்பது வேறு விஷயம். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மாமா எடுத்து, "அவ கடையில பிஸியா இருக்கா" என்கிறார். பின்னாலிருந்து நீ "நான் இல்லன்னு சொல்லுங்க" என்று சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. எனக்கு லேசர் வைத்தது கண்ணில், காதில் இல்லை.

டாக்டரும் கொஞ்ச நாளைக்குப் போன் திரையை உற்றுப் பார்க்காதே என்று சொல்லியிருக்கிறார். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்ட மறந்துவிடுகிறோமாம், கண் காய்ந்துபோகுமாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு எழுதுவது இப்போதுதான், கையெழுத்தைக் கண்டுகொள்ளாதே.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் மட்டும் வெங்காய மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரி எரிந்தது. மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தால் எதிர்ச் சுவர் காலண்டரில் தேதி தெரிகிறது, படுத்த இடத்திலிருந்தே! ஆனாலும் கை பாட்டுக்குத் தலையணைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துழாவியது. முகம் கழுவப் போனால் முதலில் இல்லாத கண்ணாடியைக் கழற்றுகிறேன். பேசிக்கொண்டே இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி விடுகிறேன். தூக்கத்தில் தேய்த்துவிடாமல் இருக்க, படுக்கும்போது கண்மேல் இரண்டு பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்க்க அசல் தவளை.

சூரியன் இறங்கியதும்தான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. தெருவிளக்கு ஒவ்வொன்றும் வளையல் போட்டுக்கொண்டு நிற்கிறது. எதிரே வருகிற வண்டியின் விளக்கிலிருந்து துடைப்பக் குச்சி மாதிரி நாலாபக்கமும் ஒளி விரிகிறது. நேற்று நிலாவைப் பார்த்தேன், பக்கத்தில் மங்கலாக இன்னொரு நிலா. ஆறும்வரை இப்படி இருக்கும், போகப் போகக் குறையும் என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார். எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றா?

இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்றால், எங்கள் புது நாடகம் ஏப்ரல் ஐந்தாம் தேதி. இத்தனை வருஷம் இன்னொருவருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவள், முதல் தடவையாக லைட் முழுக்க என் பொறுப்பில் செய்கிறேன். என் வேலையே இருட்டில் உட்கார்ந்து விளக்கைப் பார்ப்பது. அந்த விளக்குக்கெல்லாம் வளையம் இருந்தால் நான் எதைப் பார்த்து எதைச் சரிசெய்வது? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன்,
முன்னாள் சோடாபுட்டி


மார்ச் 9

சோடாபுட்டிக்கு,

முன்னாளாம், முன்னாள். அந்தப் பட்டம் நான் கொடுத்தது, நானாக எடுக்கும் வரை உன்னுடையதுதான்.

நம் கடை வாசலில் பன்னிரண்டு வருஷமாக ஒரு போர்டு தொங்குகிறது, ஞாபகம் இருக்கிறதா? பிரவுன் பிரேம் போட்டுக்கொண்டு ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கீழே 'தெளிவாகப் பாருங்கள்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் யார்? நீ. கண்ணாடிக் கடைக்காரியின் கூடப்பிறந்தவள், கடையின் முகமே நீ, கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டாய். எதிர்வரிசைத் துணிக்கடைக்காரர் நேற்று வந்து கேட்கிறார்: "போர்டுல இருக்குற பொண்ணே கழட்டிட்டாளாமே, அப்ப நாங்க எதுக்கும்மா போடணும்?" எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சரி, கடையை விடு. உனக்கு ஆறு வயதில் முதல் கண்ணாடியை உன் மூக்கில் மாட்டிவிட்டது யார்? நான்தான். போட்டதும் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "அக்கா, உனக்கு லேசா மீசை இருக்கு" என்றாய். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மானக்கேட்டையும் பொறுத்துக்கொண்டு, அன்றிலிருந்து உன் கண்ணுக்கு நான்தான் பொறுப்பு என்று இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் பவர் ஏற ஏற நோட்டில் எழுதி வைத்துக் கவலைப்பட்டது நான்தான். அப்படிப்பட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கேட்காமல், நீ பாட்டுக்குப் போய்க் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். ஆபரேஷன் முடிந்த பிறகு உன் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கோபம் அதுதான். மற்றதெல்லாம் சும்மா.

நம் வீட்டில் கண்ணாடி போடாத ஒரே ஆள் நான். இன்றைக்கும் தெருமுனையில் பஸ் திரும்பும்போதே நம்பரைச் சொல்லிவிடுவேன். எனக்கு இருக்கிற இந்தக் கண்ணில் பாதியை உனக்குக் கொடுக்க முடியாதா என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அதையெல்லாம் உன்னிடம் சொல்லி என்ன பயன்.

சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. கண்ணைக் கசக்காதே. பயப்படாதே. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான்கு பக்கம்! பிரித்ததும் ஒன்று கவனித்தேன். கோபத்திலும் ஒவ்வொரு எழுத்தையும் கொட்டைப் பாக்கு சைஸில் எழுதியிருக்கிறாய். ஆறுகிற கண் சிரமப்படக் கூடாது என்று யோசித்திருக்கிறாயே, நீதான் அக்கா. படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். கண்ணுக்கு ஈரம் நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் சொல்லாமல் செய்தேன் என்கிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. பிப்ரவரியில் போனில் எவ்வளவு நீளமாக எழுதி அனுப்பினேன்! எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், என்னென்ன தொல்லை வரலாம், எதற்காகச் செய்துகொள்கிறேன், எல்லாமே எழுதினேன். போன வருஷம் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது மேலே கம்பியில் விளக்கைத் திருப்பப் போய், வியர்வையில் கண்ணாடி வழுக்கி, கீழே செத்துக் கிடந்த ராஜாவின் வயிற்றில் விழுந்து, ராஜா "ஐயோ" என்று எழுந்து உட்கார்ந்தாரே, அதைக்கூட ஞாபகப்படுத்தினேன். கடைசியில், 'நீ வேண்டாம் என்றால் செய்துகொள்ள மாட்டேன்' என்றும் எழுதினேன். நீ பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினாய். அக்காவே சரி என்று சொல்லிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது கேட்கவே இல்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சரி, அதை அப்புறம் பேசலாம். சனிக்கிழமை ஒத்திகையில் என் மானம் கப்பலேறியது.

நாடகம் ஒரு படகுத்துறையில் நடக்கிறது. முதல் காட்சி விடியற்காலை, லேசாகப் பனிமூட்டம் வேண்டும். அதற்காகப் புகை மெஷினோடு ஒருவர் வருவார். நான் அரங்கத்தின் கடைசி வரிசையில் லைட் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குகளைப் போட்டேன். மேடை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புகை! மைக்கில் கத்தினேன்: "புகைக்காரரே, போதும், நிறுத்துங்க!" புகை குறையவில்லை. "வீடு பத்தி எரியுற மாதிரி இருக்கு, நிறுத்துங்கன்னா!" நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் தோளை யாரோ தட்டினார்கள். திரும்பினால் புகைக்காரர், கையில் டீ. "மேடம், மெஷின் இன்னும் வண்டிய விட்டே இறங்கல" என்றார்.

அத்தனையும் என் கண்ணில் இருந்த வளையங்கள், அக்கா. பதினாறு விளக்கின் பதினாறு வளையமும் ஒன்றோடொன்று ஒட்டிப் புகையாகிவிட்டன. இருட்டில் கண்மணி விரியும், அப்போதுதான் இதெல்லாம் அதிகமாகத் தெரியுமாம். என் அதிர்ஷ்டம், என் ஆபீஸே இருட்டில்.

டைரக்டர் எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் நாடகம் நடக்க வேண்டும். "ஏப்ரல் மூணு, கடைசி ஒத்திகை. அன்னிக்குச் சரியா வந்தா நீ. இல்லன்னா பழைய லைட்மேனைக் கூப்பிட்டுருவேன், வருத்தப்படாதே" என்றார். நான் வருத்தப்படவில்லை என்று சொன்னேன். பொய்.

உன்,
சோடாபுட்டி (உன் அனுமதி வரும்வரை)


மார்ச் 17

சோடாபுட்டிக்கு,

கட்டைவிரல் விஷயத்தை இப்போது கிளறாதே. கடை நேரத்தில் போனில் என்னென்னவோ வருகிறது, எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது.

புகைக் கதையை மாமாவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். அவர் லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை அவர் சத்தமாக வாசித்தபோது கொஞ்சம் சிரித்தேன். உன் கையெழுத்து ஏன் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது? லேசர் வைத்ததில் எழுத்தும் சுருங்கிவிட்டதா? இனிமேல் பெரிதாக எழுது.

பழைய லைட்மேனாவது, புது லைட்மேனாவது. நீ ஒயர் இழுத்தே எத்தனை வருஷம் ஆகிறது. அந்த டைரக்டரை ஒரு நாள் நம் கடைக்கு வரச் சொல், அவர் கண்ணை நான் சோதிக்கிறேன்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பவர் இல்லாத வெறும் கண்ணாடி, கூச்சம் தெரியாமல் இருக்க மேலே கோட்டிங் போட்டது. ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். வளையம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் அடங்கலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டுக்கொள். நானே டிராயரிலிருந்து எடுத்துத் துடைத்து, நானே பெட்டியில் வைத்தேன். போர்டில் நீ போட்டிருக்கிறாயே, அதே பிரவுன் பிரேம்.

சொட்டு மருந்துப் பாட்டிலின் படத்தை எனக்கு அனுப்பாதே, மாமாவுக்கு அனுப்பு. இந்த மருந்துக் கம்பெனிக்காரர்கள் எழுத்தை நாளுக்கு நாள் சின்னதாக்கிக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். நேற்று மாமாவின் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். இந்தக் காலத்து ஊசிக்குக் காதே வைப்பதில்லை போலிருக்கிறது. கடைசியில் அவரையே நூல் கோர்க்கச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 21

என் அருமை அக்காவுக்கு,

சிரிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

பார்சல் வந்தது. டாக்டரிடம் கேட்டேன், போட்டுக்கொள்ளலாம் என்றார். ஒத்திகைக்கு எடுத்துப் போய், விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, பழைய நாள் மாதிரி ஸ்டைலாக மூக்கில் ஏற்றினேன். வளையம் அடங்கும் என்று பார்த்தால் மேடையே அடங்கிவிட்டது. படகு கரைந்தது. படகுக்காரர் கரைந்தார். கதாநாயகி இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டலம் நின்று வசனம் பேசியது. பயத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன், எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

நானும் கண்ணாடிக் கடையில் வளர்ந்தவள்தானே? காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடுகு மாதிரி எழுத்தில் பிளஸ் ஒன்றேகால் என்று போட்டிருக்கிறது. படிக்கிற கண்ணாடி, அக்கா. நாற்பது தாண்டியவர்கள் பேப்பர் படிக்க வாங்கிப் போவார்களே, அது.

கண்ணைக் கட்டிவிட்டாலும் லென்ஸைத் தடவிப் பார்த்தே பவர் சொல்லுவாய் என்று மாமா உன்னைக் கிண்டல் பண்ணுவார். நீ தப்பான கண்ணாடி அனுப்பினாய் என்றால் நம்புவேனா? அப்போதுதான் உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஊசிக்குக் காது இல்லை. மருந்துக் கம்பெனி எழுத்தைச் சுருக்கிவிட்டது. நான் எழுதுவது எறும்பு, அதை மாமா சத்தமாக வாசிக்க வேண்டும். கொட்டைப் பாக்கு எழுத்து என் கண்ணுக்காக என்று நான் நன்றி வேறு சொன்னேன்! என் நன்றியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் நான் அனுப்பியதை நீ படிக்கவே இல்லை, இல்லையா? திரையில் பொடி எழுத்து. படிக்க முடியவில்லை என்று மாமாவிடம் கொடுக்கவும் கௌரவம் விடவில்லை. கட்டைவிரலைத் தட்டிவிட்டாய்.

எனக்குக் கோபம் இல்லை. வந்தது, ஒரு பத்து நிமிஷம். அப்புறம் போய்விட்டது. நீ கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய்: "நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதாங்க, இதுல வெக்கப்பட என்ன இருக்கு?" அதை உன் குரலிலேயே உனக்கு ஒரு தடவை சொல்லிப் பார்.

கண்ணாடியை இந்தக் கடிதத்தோடேயே திருப்பி அனுப்புகிறேன். இது எனக்கு வந்ததில்லை, உன்னுடையது. என் பங்குக்கு எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன், பார்த்தாயா?

இன்னொன்று. எனக்குக் கிட்டத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, எட்டத்து விளக்குத்தான் தொல்லை. உனக்கு எட்டம் இன்னும் கழுகுக் கண், கிட்டத்தில்தான் தகராறு. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள். மூன்றாம் தேதி ஒத்திகைக்கு வருகிறாயா? என் பக்கத்தில் உட்கார்ந்து மேடையில் உனக்கு என்ன தெரிகிறது என்று காதில் சொன்னால் போதும். நீ வந்தால் எனக்கு இந்த வேலை நிலைக்கும். வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

உன்,
சோடாபுட்டி


மார்ச் 24

பார்சல் வந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இதோ கடை வாசலில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் திரும்புகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்கிறேன். முப்பத்தேழு. போதுமா? டிராயரில் இரண்டு பிரேம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது, கை மாறிவிட்டது. மனுஷி என்றால் கை மாறாதா?

கடையைப் பூட்டிவிட்டு என்னால் எங்கும் வர முடியாது.

மாமா சிரிக்கிறார். இனிமேல் அவரோடும் பேச்சில்லை.

அக்கா


மார்ச் 25

சோடாபுட்டிக்கு,

நேற்று எழுதியதைக் கிழித்துவிடு. முந்திக்கொண்டு இது வந்தால், அது வந்ததும் படிக்காமல் கிழி.

இன்றைக்கு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. மாமா உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய பெட்டியைத் திறந்து அதைப் போட்டுக்கொண்டேன். முதலில் பார்த்தது என் கையைத்தான். என் கையில் இவ்வளவு கோடு எப்போது வந்தது என்று தெரியவில்லை. அப்புறம் போனை எடுத்து, பிப்ரவரிக்குப் போய், நீ அனுப்பியதை முதல் வரியிலிருந்து படித்தேன்.

'நீ வேண்டாம் என்றால் செய்துகொள்ள மாட்டேன்.'

அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கேட்காமல் செய்தாய் என்று ஒரு மாதமாக உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ கேட்டிருக்கிறாய். நான்தான் படித்துப் பார்க்காமல், வீட்டு ஓனர் தண்ணீர் விடவில்லை என்று நீ எப்போதும் புலம்புவாயே, அதுவாக இருக்கும் என்று கட்டைவிரலைத் தட்டியிருக்கிறேன். நீ தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறாய். நான் கூட இருந்திருக்க வேண்டியவள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அப்பா, அம்மா, நீ, மாமா எல்லோரும் கண்ணாடி, நான் மட்டும் இல்லை. அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் ஆயிரம் நியாயம் சொல்லலாம், நமக்கு என்று வரும்போது தொண்டையில் இறங்குவதில்லை. மாமாவுக்கு முன்னாலேயே தெரியுமாம். "நீயே சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்கிறார். அமுக்கமான ஆள்.

இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். கடையை மாமா பார்த்துக்கொள்வார். மேடையில் புகை இருந்தால் இருக்கிறது என்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு தலையணை எடுத்து வை, உன் தலையணை கல் மாதிரி இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 8

என் எட்டத்துக் கண்ணே,

நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து அறையில் ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது. தலையணையை மட்டும் நீ திட்டிவிட்டுப் போனதால் மாற்றிவிட்டேன்.

இங்கே எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். கடைசி ஒத்திகையில் டைரக்டர் வந்து "இவங்க யாரு?" என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "இவளோட கண்ணுங்க" என்றாயே, அதை அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சம்பளம்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று அவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறார்.

கடைசிக் காட்சியில், கதாநாயகி படகுக்காரருக்காகக் காத்திருக்கிற ஜன்னலில் எரிகிற விளக்கை நான் எவ்வளவு குறைத்து வைத்திருந்தேன்! எனக்கு அது பாதி மேடையை அடைத்துக்கொண்டு எரிந்தது. நீ "எங்கடி விளக்கு?" என்றாய். "அதோ எரியுதே!" என்றேன். "அந்தம்மா மூஞ்சியே தெரியல, ஒரு புள்ளிதான் தெரியுது. கூட்டு. இன்னும் கூட்டு. ம், இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கா." நீ இல்லை என்றால் கதாநாயகி கடைசி வரை இருட்டிலேயே காத்திருந்திருப்பாள். அன்றைக்கு நீ சொன்ன அளவையெல்லாம் லைட் போர்டில் பதிந்து வைத்துக்கொண்டேன். பழைய லைட்மேனைக் கூப்பிடும் பேச்சை டைரக்டர் அப்புறம் எடுக்கவே இல்லை.

ஆனால் ஐந்தாம் தேதி ஒரு இடத்தில் என் உயிரே போய்விட்டது, அதை உன்னிடம் சொல்லவில்லை. படகுக்காரர் கையில் லாந்தரோடு இருட்டில் நடந்து வருவார். துறையில் அவர் நின்ற அந்த நொடி நான் ஜன்னல் விளக்கை ஏற்ற வேண்டும். லாந்தரின் வளையம் எனக்கு அவர் ஆளையே மறைத்துவிடும். அதனால்தான் நீ "நின்னுட்டார்" என்று சொல்வதாக ஏற்பாடு. நான் பட்டன் மேல் விரலை வைத்துக் காத்திருக்கிறேன். நீ பேசவே இல்லை! ஓரக்கண்ணால் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கிறாய். சரி, அழுதுவிட்டாள், இனி இவளை நம்பிப் பயனில்லை என்று நானே மேடையைப் பார்த்தேன். சிமிட்டினேன், இன்னொரு தடவை சிமிட்டினேன். வளையம் இருந்தது. ஆனால் அதற்குள்ளே, மெலிசாக, அவர் கை தெரிந்தது. லாந்தரைக் கீழே இறக்குகிற கை. அழுத்தினேன். விளக்கு ஏறியது. அரங்கத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டது உனக்கும் கேட்டிருக்கும்.

நேற்று டாக்டரிடம் போனேன். நன்றாக ஆறிக்கொண்டிருக்கிறதாம். சொட்டு மருந்து மட்டும் இன்னும் கொஞ்ச நாள். தெருவிளக்குகள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டன. இரண்டாவது நிலா போய்விட்டது. அரங்கத்தின் வாசலில் இருக்கிற சிவப்பு விளக்குக்கு மட்டும் இன்னும் ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. அது போனால் கொஞ்சம் வருத்தப்படுவேன் என்று நினைக்கிறேன்.

கடை வாசல் போர்டை என்ன செய்யப் போகிறாய்? என் முகத்தை இறக்கிவிடு, அக்கா. துணிக்கடைக்காரர் கேட்பதும் நியாயம்தானே.

உன்,
கிட்டத்துக் கண்


ஏப்ரல் 12

சோடாபுட்டியாக இருந்தவளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து எப்படிச் சின்னதாகிவிட்டது பார். ஒரே பக்கத்தில் அடங்கும்போலிருக்கிறது, தபால் செலவு மிச்சம்.

போர்டை மாற்றியாகிவிட்டது. மாமா என்னைக் கடை வாசலில் நிறுத்தி, அந்தப் பிரவுன் பிரேமோடு போட்டோ எடுத்தார். சிரி சிரி என்று உயிரை எடுத்தார். நேற்று மாட்டினார்கள். துணிக்கடைக்காரர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு நாளா உங்களுக்குக் கண்ணாடி இல்லாததுதாம்மா எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. இப்பத்தான் நம்பிக்கை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அவருக்கே ஒன்று வாங்கிப் போனார். பிளஸ் இரண்டு. இத்தனை நாள் எப்படித் துணி அளந்தாரோ.

உன் பழைய போர்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. லென்ஸ் தேய்க்கும் அறைக்குக் கதவு இல்லாமல் இருந்ததே, அங்கே அதையே கதவாக மாட்டியிருக்கிறார் மாமா. தள்ளித் திறந்தால் நீ சிரித்துக்கொண்டே நகர்கிறாய்.

இப்போது உண்மைக்கு வருகிறேன். ஐந்தாம் தேதி நான் அழுததால் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். அழுதது நிஜம். பேசாததற்குக் காரணம் அது இல்லை. காட்சி மாறுகிற இடைவெளியில், வாசலில் கொடுத்த நோட்டீஸை உன் லைட் போர்டில் இருக்கிற குட்டி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பொடி எழுத்து. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். லைட் என்று போட்டு, பக்கத்தில் உன் பெயர். அச்சில். அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டேன். நிமிர்ந்தால் மேடை கூழாக இருக்கிறது. படகுக்காரர் நிற்கிறாரா, நடக்கிறாரா, இருக்கிறாரா என்றே தெரியவில்லை. உன்னை ஏமாற்றிவிட்டேனே என்ற பதற்றத்தில் கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அங்கே என் கண் உனக்கு உதவவே இல்லை. நீயாகப் பார்த்தாய், நீயாக ஏற்றினாய். உன் கண்ணுக்கு நான் பொறுப்பு என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் நீயே பார்த்துக்கொள்வாய். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, உண்மையாகவே.

இன்னொன்றும் அன்றைக்கே சொல்லியிருப்பேன், உன் நாடகம் கெட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பட்டனை அழுத்தியபோது, மேடைதான் தெரியவில்லையே என்று உன் பக்கம் திரும்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் விளக்கின் வெளிச்சம் உன் முகத்தில் விழுந்திருந்தது.

உனக்கும் லேசாக மீசை இருக்கிறது.

இப்படிக்கு,
புது சோடாபுட்டி